பதினாலாவது பெட்டி

ருக்கையாவின் பயத்துக்கு வித்து விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. அதுவரைக்கும் அவள் லேசில் பயப்படுகிற ஆள் இல்லை. புருஷன் ஷேக் அலாவுதீன் மௌத்தான பிறகு, பினாங்கு அச்சீன் தெருவில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு வைத்துக்கொண்டு, ஏழு வருஷமாகத் தனியாளாக நடத்தி வந்தவள். மக்காவுக்குப் போகிற பெண்கள் கப்பல் வரும்வரை தங்குகிற வீடு அது. குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டிய மாலுமியை விளக்குமாற்றாலேயே படகுத்துறைவரை விரட்டியிருக்கிறாள். தெருவே அவளை லாத்தா என்று கூப்பிடும். அக்கா என்பதை அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நாலு வீடு தள்ளி இருந்த தேங்காயெண்ணெய்க் கிடங்கு தீப்பிடித்துக்கொண்டது. பொம்பா என்கிற தீயணைப்பு வண்டி மணியடித்து வந்து சேருவதற்குள் மூன்று வீடுகள் போய்விட்டன. மூன்றாவது வீட்டில் குடியிருந்தவள் காமாரியா. கல்யாண வீடுகளுக்கு ஜோடனைத் துணி வாடகைக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள். பட்டும் ஜரிகையுமாக இருபது வருஷத்துச் சம்பாத்தியம் அரை மணி நேரத்தில் கரியாகிவிட்டது. கட்டிய கைலியோடு நடுத்தெருவில் நின்றவளை ருக்கையாதான் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

"அழுவாதே காமாரியா. உன் வாசல்ல இன்சூரன்ஸ் தகடு அடிச்சிருந்துச்சே. எல்லாம் திரும்பி வந்துடும்லா" என்று தேற்றினாள்.

அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் பாதி வீடுகளுக்கு நிலைப்படிக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு இருக்கும். தீக்கு இன்சூரன்ஸ் எடுத்த வீடு என்று காட்டுவதற்காகக் கம்பெனிக்காரன் அடித்துவிட்டுப் போவது. ருக்கையாவின் வாசலிலும் ஒன்று இருந்தது. வியாழக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்கி, அஸர் தொழுகைக்குப் பிறகு அதற்குக் கீழே சாம்பிராணியும் போடுவாள். தாயத்துக் கட்டிய பிள்ளையைப் பேய் அண்டாது என்று நம்புகிற மாதிரி, தகடு அடித்த வீட்டுக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் அந்தத் தகடு காவல் என்று அவள் நம்பினாள். அவள் மட்டுமா? அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காமாரியா தன் வீட்டுச் சொந்தக்காரரான தவுக்கேயை, அந்தச் சீன முதலாளியைப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"லாத்தா, தவுக்கேக்குப் பணம் வருதாம். அவரு சுவரு, அவரு ஓடு, அவரு படிக்கட்டு, அதுக்குத்தான் இன்சூரன்ஸாம். என் துணிமணிக்கு ஒண்ணும் இல்லையாம். 'நீ எடுத்தியா? எடுக்கலல்ல? போ'ன்னுட்டாரு."

ருக்கையாவின் கண் தானாக மாடிப்படிப் பக்கம் போயிற்று.

மாடியில் பதினாலு பெட்டிகள் இருந்தன.

ஹஜ்ஜுக்குப் போகிற பெண்கள் கப்பலில் கொண்டுபோக முடியாததையெல்லாம் ருக்கையாவிடம் அமானிதமாக, நம்பி ஒப்படைத்த பொருளாக, விட்டுப்போவது வழக்கம். நகை, பட்டு, பத்திரம், யாரிடமும் காட்டாத கடிதம், எல்லாம் அதில் இருக்கும். பெட்டிக்குப் பூட்டுப் போடக் கூடாது. பூட்டினால் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம். பெட்டியைக் காடாத் துணியால் மூடி, உடையவள் தன் கையாலேயே சுற்றிலும் தைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு தையல். திரும்பி வந்ததும் தன் தையலைத் தானே பார்த்துத் தானே பிரிப்பாள். உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரி கேட்கக் கூடாது. ஷேக் அலாவுதீன் இருந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான். அந்தத் தையல் பிரியாமல் இருப்பதை வைத்துத்தான் கெடாவிலிருந்தும் பேராவிலிருந்தும் பெண்கள் ருக்கையாவைத் தேடி வந்தார்கள்.

ஒரு பொறி வந்து விழுந்தால் பதினாலு பேருக்கு அவள் என்ன பதில் சொல்லுவாள்? அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பை நாலு தரம் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அணைத்துவிட்டு, அணைந்ததா என்று சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டாள். யாராவது தெருவில் சுருட்டுப் பற்றவைத்தால்கூட வாசலுக்கு ஓடி வந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை அப்துல் ரஹீமை ஆள்விட்டு வரச் சொன்னாள். பீச் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்கு இன்சூரன்ஸ் பிடித்துக் கொடுக்கிற ஆள் அவர். மூக்குக்கண்ணாடியும் தோல்பையுமாக வந்து உட்கார்ந்து, கொடுத்த காப்பியை ஆற அமரக் குடித்தார்.

"லாத்தா, குடியிருக்குறவங்க பொருளுக்குக் குடியிருக்குறவங்கதான் எடுக்கணும். உங்க தவுக்கே எடுத்தது அவரு வீட்டுக்கு. உங்க கட்டிலு, பாத்திரம், துணி எல்லாம் உங்க பேர்ல எழுதணும். வருஷத்துக்கு ஒரு தடவை கட்டினாப் போதும். ஒரு மாச வாடகைகூட வராது."

"என் கட்டிலு எரிஞ்சா எரியட்டும் தம்பி. மேல இருக்குற பெட்டி?"

"அது உங்களுதா?"

"அமானிதம்."

அப்துல் ரஹீம் கோப்பையைக் கீழே வைத்தார். "அடுத்தவங்க பொருளு உங்க கையில இருக்குன்னா, அதைத் தனியாச் சொல்லி எழுதணும். சொல்லலன்னா சல்லிக்காசு வராது. எழுதிடலாம், கஷ்டம் இல்ல. ஆனா பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு லிஸ்ட் வேணும்."

"அது எப்படித் தெரியும்? தச்சிருக்கே!"

"பிரிச்சுப் பாருங்க."

ருக்கையா காதைப் பொத்திக்கொள்ளாத குறை. "என்ன தம்பி பேசுறீங்க! அமானிதப் பெட்டியைப் பிரிக்கிறதா?"

"தச்ச பெட்டி எரிஞ்சுபோச்சுன்னு போய் நின்னா கம்பெனிக்காரன் என்னா கேப்பான்? உள்ள தங்கம் இருந்துச்சா தவிடு இருந்துச்சான்னு கேப்பான். நீங்க என்ன சொல்வீங்க?" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு. லிஸ்ட்ல ஒரு வரி பொய்யின்னாலும் முழுசும் செல்லாது. ஒரு பெட்டியை மறைச்சாலும் மத்த பதிமூணுக்கும் குடுக்க மாட்டான். இருக்குறதை இருக்குறபடி எழுதணும் லாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் தவித்தாள். பிரித்தால் நம்பிக்கைத் துரோகம். பிரிக்காவிட்டால், எரிந்தபின் பதினாலு குடும்பம் வயிறெரிந்து நிற்கும். புதன்கிழமை காலையில் எதிர்வீட்டுக் கூரையில் புகை தெரிந்தது. யாரோ மீன் சுட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகையைப் பார்த்ததும் ருக்கையா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று லுஹர் தொழுதுவிட்டு, காமாரியாவை வாசலில் காவல் வைத்து, கத்தரிக்கோலும் ஊசிநூலும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

சன்னல்களையெல்லாம் சாத்தினாள். முதல் தையலை வெட்டினாள். உள்ளே இருந்ததைப் பார்த்தாள், மனசுக்குள் சொல்லி வைத்துக்கொண்டாள், அதேபடி வைத்தாள், மறுபடி தைத்தாள். ஒருத்தி பெட்டியில் இறந்துபோன பிள்ளையின் சட்டை ஒன்று மடித்திருந்தது. இன்னொருத்தி பெட்டியில் புருஷனுக்குத் தெரியாத ரப்பர்த் தோட்டத்துப் பத்திரம். பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்துவிட்டேனே யா அல்லாஹ் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தரம் அழுதாள்.

கடைசியாக ரொஸ்னாவின் பெட்டி. பத்து காவான் என்கிற ஊரில் கடை வைத்திருக்கும் இஸ்மாயிலின் பெண்சாதி அவள். வாப்பாவோடு ஹஜ்ஜுக்குப் போயிருந்தாள். வழியனுப்ப வந்த மாமியார் ஹபீபா பீவி, வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்: "எங்க உம்மா போட்ட தங்க ஒட்டியாணம் உள்ள இருக்கு ருக்கையா, பத்திரம்! கடைவீட்ல வெச்சா நாலு பேரு வந்துபோற எடம். அதான் உன்கிட்ட விட்டுட்டுப் போறோம்."

ருக்கையா தையலை வெட்டினாள். மூடியைத் தூக்கினாள். பழைய கைலி ஒன்று சுருட்டியிருந்தது. அதைப் பிரித்தாள்.

உள்ளே பதினொரு கருங்கல் துண்டுகள்.

கைலியை உதறினாள். பெட்டியைக் கவிழ்த்தாள். அடியைத் தட்டினாள். வேறொன்றும் இல்லை. உடம்பு முழுக்க வேர்த்து ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மாடிக்கு வேறு யாரும் வருவதில்லை. தையல் ரொஸ்னாவின் கைத்தையல்தான், ஓர் இழைகூடக் கலையாமல் இருந்தது. அதைத் தன் கண்ணால் பார்த்தாள். ஆனால் பார்த்தது அவள் ஒருத்திதானே? பார்த்த தையலையும் அவளே அல்லவா வெட்டிப் போட்டுவிட்டாள்! இனி யார் வந்து கேட்டாலும், கல்லை வைத்தது நானில்லை என்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது?

அப்துல் ரஹீம் மறுநாள் வந்து லிஸ்ட் எழுதினார். பதிமூன்று பெட்டிக்கும் மடமடவென்று சொன்னவள் பதினாலாவதற்கு வரும்போது நின்றுவிட்டாள். ஒட்டியாணம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் பொய். பதிமூன்று பேர் பொருளும் அந்தப் பொய்யோடு போய்விடும்.

"கல்லு" என்றாள்.

"என்னாது?"

"பதினொரு கல்லு. ஒரு பழைய கைலி. எழுதுங்க தம்பி."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "லாத்தா, கோவிச்சுக்காதீங்க. இதை நீங்க வெச்சீங்களா?"

"யா அல்லாஹ்! நானா?"

"நான் கேக்கல. நாளைக்கு ஊரு கேக்கும்." கல் என்றே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, "இந்தக் காகிதம் தீக்கு மட்டும்தான் லாத்தா. வேற வம்பு வந்தா இது உதவாது. நீங்க சொன்னதைத்தானே நான் எழுதியிருக்கேன்" என்றார்.

தீப்பயம் போயிற்று. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த பயம் இருக்கிறதே, அது அதைவிடப் பெரிய பயம். தீ வரலாம், வராமலும் போகலாம். ரொஸ்னா வருவாள், நிச்சயம் வருவாள். அதற்குப் பிறகு ருக்கையா இரண்டு மாதம் அரை ஆளாக நடமாடினாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் குலை நடுங்கியது. கோணித்துண்டில் ரொஸ்னாவின் தையலைப் போட்டுப் போட்டுப் பழகினாள். அப்படியும் அந்தப் பெண்ணின் கை வரவில்லை. காமாரியா கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். காமாரியா பயத்தில் அவளைக் கட்டிக்கொண்டாள். வீடு எரிந்து வந்து ஒண்டியிருக்கிறவளைத்தான் ஊர் முதலில் சந்தேகப்படும் என்று அவளுக்கும் தெரியும்.

ஜூன் மாதம் ஒரு காலையில் கப்பல் வந்தது. பெண்கள் ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக வந்து இறங்கினார்கள். ருக்கையா ஒவ்வொருத்தியிடமும், "தீக்குப் பயந்து பிரிச்சு எழுதிவெச்சேன்மா, மன்னிச்சுடுங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். முகம் சுளித்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஒருத்தி மட்டும், "அடுத்த தடவை எங்க ஊர்ச் சனத்தை வேற வீட்டுக்கு அனுப்பிக்கிறோம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனாள். ருக்கையாவுக்கு அது உறைக்கவேயில்லை. அவள் காது வாசலில் இருந்தது.

ரொஸ்னா கடைசியாக வந்தாள், வெயிலில் கறுத்து மெலிந்து. அழைத்துப்போக வந்திருந்த ஹபீபா பீவி அவளுக்கு முன்னால் நடந்து வந்தாள். பெட்டி கூடத்தில் தனியாக இருந்தது. ரொஸ்னா குனிந்து தையலைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"லாத்தா," என்றாள், "பிரிச்சீங்களா?"

"பிரிச்சேன்மா. இன்சூரன்ஸுக்கு லிஸ்ட் எழுத எல்லார் பெட்டியையும்தான்."

"பிரிச்சியா?" என்று ஹபீபா பீவி பாய்ந்தாள். "அமானிதத்தைப் பிரிச்சியா? தள்ளு!" இடுப்பில் செருகியிருந்த பாக்குவெட்டியை எடுத்துத் தையலை அறுத்தாள். மூடியைத் தூக்கிக் கைலியை உருவினாள். கற்கள் தடதடவென்று தரையில் உருண்டன.

ஹபீபா பீவி கைலியை உதறிப் பார்த்தாள்.

"எங்க உம்மா ஒட்டியாணம் எங்கடி?"

"மாமி, நான் பிரிக்கும்போதே…"

"பிரிக்கும்போதே கல்லா? எங்கிட்டயே கதை விடுறியா? தச்சது என் மருமக. பிரிச்சது நீ. நடுவுல வேற எவ வந்தா? இதோ, வீடு எரிஞ்சு வந்து உக்காந்திருக்காளே, இவளும் கூட்டா?" ருக்கையாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "நட போலீஸுக்கு. தெருவுல இழுத்துட்டுப் போறேனா இல்லையா பாரு!"

லிஸ்ட் காகிதம் ருக்கையாவின் ரவிக்கைக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டலாம். காட்டி என்ன? கல் என்று எழுதச் சொன்னவளும் அவளே அல்லவா! அவள் ரொஸ்னாவைப் பார்த்தாள். இந்த உலகத்தில் அவளைக் காப்பாற்றக்கூடியவள் அந்த ஒரு பெண்தான். அந்தப் பெண்ணோ சுவரில் சாய்ந்து, ருக்கையாவைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தாலே அவள் தப்பிவிடலாம். மாமியார் ருக்கையாவை வாசல்படிவரை இழுத்துவிட்டாள்.

"விடுங்க மாமி" என்றாள் ரொஸ்னா. "கல்லை நான்தான் வெச்சேன்."

ஹபீபா பீவி திரும்பினாள்.

"கப்பல் ஏறுறதுக்கு மூணு நாள் முன்னாடி உங்க மகன் ஒட்டியாணத்தை எடுத்துட்டுப் போய் அடகு வெச்சுட்டாரு. உம்மாகிட்டச் சொன்னா கொன்னுடுவேன்னாரு. நீங்க பெட்டியைத் தூக்கிப் பாப்பீங்கன்னு கல்லை வெச்சுத் தச்சேன்." அவளுக்குத் தேம்பல் வந்துவிட்டது. "வாயை மூடிட்டு இருந்துடலாம்னுதான் வந்தேன் மாமி. இப்பத்தான் ஹஜ்ஜு முடிச்சு வந்திருக்கேன். பயமா இருக்கு."

பிடித்திருந்த கை தளர்ந்தது. ஹபீபா பீவி மெல்ல வந்து, காலிப் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மருமகள் பொய் சொல்கிறாள் என்று அவள் கத்தவில்லை. தன் பிள்ளையை அவளுக்குத் தெரியாதா? கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கைலியில் சுற்றினாள். பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"காமாரியா, கதவைச் சாத்து" என்றாள். பிறகு ருக்கையாவிடம், "தச்சுடு" என்றாள்.

ருக்கையா தைத்தாள். கையில் இரண்டு தரம் ஊசி ஏறிற்று.

"இதை இப்ப வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ரொஸ்னாவைப் பாக்க வந்த சம்பந்தி வீட்டு ஆளுங்கல்லாம் ஒட்டியாணத்தையும் பாக்கணும்னு உக்காந்திருக்காங்க. இங்கயே இருக்கட்டும் ருக்கையா. அமானிதமா இருக்கட்டும்."

ருக்கையா தலையாட்டப் போனாள். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் எதற்கும் தலையாட்டியிருப்பாள். ஆனால் ஹபீபா பீவி கிட்டே நகர்ந்து வந்து, வெற்றிலை வாசம் அடிக்கிற குரலில் கேட்டாள்: "இன்சூரன்ஸ் எடுத்திருக்கியாமே? எரிஞ்சா காசு வருமாமே?"

"வரும் மாமி. ஆனா லிஸ்ட்ல கல்லுன்னு…"

"அதை ஒட்டியாணம்னு மாத்தி எழுதச் சொல்லக் கூடாதா? பழைய வீடுதானே இது." அவள் கண் கூடத்து மண்ணெண்ணெய் விளக்கின்மேல் போய் நின்றது. "எல்லா வீடும் என்னைக்காவது எரியத்தான் செய்யுது."

இரண்டு மாதமாக ருக்கையா எத்தனையோ வகையாகப் பயந்திருக்கிறாள். தானாக வருகிற தீயை நினைத்துப் பயந்தாள். திருடி என்ற பெயரை நினைத்துப் பயந்தாள். ஆனால் எதிரே உட்கார்ந்து விளக்கைப் பார்க்கிற ஒரு மனுஷியைப் பார்த்து அவளுக்கு இப்படிக் குளிரெடுத்ததில்லை. எழுந்தாள். பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"ரொஸ்னா, அந்தப் பக்கம் பிடிம்மா."

"என்ன பண்றே?" என்றாள் ஹபீபா பீவி.

"எடுத்துட்டுப் போங்க மாமி. எனக்கு வேணாம்." அந்த வீட்டில் ஓர் அமானிதத்தை வேண்டாமென்று சொன்னது அதுதான் முதல் தடவை.

காமாரியா கதவைத் திறந்தாள். இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ரிக்‌ஷாவுக்குப் போனார்கள். ஹபீபா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். தெருவில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரிக்‌ஷாக்காரன் பெட்டியை வாங்கித் தூக்கி வைக்கும்போது முனகினான். "என்னம்மா இந்தக் கனம் கனக்குது? உள்ள கல்லா வெச்சிருக்கீங்க?"

"நகைப்பா" என்றாள் ஹபீபா பீவி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "பாத்துத் தூக்கு."